கதிரையில் இருந்து சொல்ல வேண்டிய சொல்

மகன் போலந்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பிள்ளையைக் கல்யாணமும் கட்டிக்கொண்டான். இந்தத் தை மாதம் மருமகள் தன் தாயையும் கூட்டிக்கொண்டு மகனோடு முல்லைத்தீவுக்கு வந்தாள். சம்பந்திக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. எனக்கு அவர் மொழியில் ஒரே ஒரு சொல் தெரியும். அவர் வருமுன்பே மகனிடம் போனில் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தேன்: ஸ்மாச்னேகோ. நாங்கள் ‘வடிவாச் சாப்பிடுங்கோ’ என்று சொல்வதுபோல அவர்கள் இதைச் சொல்வார்களாம். மீன் வெட்டும்போதும் முற்றம் கூட்டும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினேன். ஸ்டார்ட் எடுக்காத படகு எஞ்சின் மாதிரிக் கேட்கிறது என்று என் மனுசன் பகிடி பண்ணினார்.

வந்த மறுநாள் மகனும் மருமகளும் ஏதோ அலுவலாக வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். என் கையால் சம்பந்தி சாப்பிடப்போகும் முதல் சோறு அன்று மத்தியானம்தான். பெற்ற பிள்ளை அந்தக் குடும்பத்தை நம்பித்தான் அங்கே இருக்கிறான். அவனுடைய மாமி என் வீட்டில் அரை வயிற்றோடு எழும்பினால் எனக்கு அதைவிட மானக்கேடு வேறில்லை. விளைமீன் குழம்பு, இறால் பொரியல், பருப்பு எல்லாவற்றிலும் உறைப்பைக் குறைத்தே வைத்தேன்.

மனுசனும் சம்பந்தியும் மேசையில் இருந்தார்கள். வழக்கம்போல மீன் தலையை மனுசனுக்குப் போட்டேன். சம்பந்தி சிலுவை அடையாளம் போட்டார். நான் அகப்பையும் கையுமாக நின்று, “ஸ்மாச்னேகோ” என்றேன். அவர் சிரித்தார், ஆனால் சோற்றைத் தொடவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று உரத்துச் சொன்னேன். அதற்கும் சிரிப்புத்தான். உறைப்புக்குப் பயப்படுகிறாரோ என்று தயிர் கொண்டுவந்து வைத்தேன். அவர் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த கதிரையைக் காட்டினார். கதிரை இடைஞ்சலாக இருக்கிறதாக்கும் என்று அதைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்தேன். பாவம், அவர் முகம் விழுந்துபோயிற்று. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன சோற்றை மனுசனும் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வரப் பார்த்தது. குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றபடி மகனுக்குப் போன் எடுத்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அம்மா, சமைச்ச நீங்கள் மேசையில் வந்து இருக்காமல் அவா எப்பிடிச் சாப்பிடுவா? நீங்களும் சோத்தைப் போட்டுக்கொண்டு போய் இருங்கோ. பிறகுதான் அந்தச் சொல்லு.”

விருந்தாளி இருக்கும்போது சமைத்தவள் கூட இருந்து சாப்பிடுவதா? எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கதிரையைத் திரும்பக் கொண்டுவந்து போட்டு, எனக்கும் சோறு போட்டுக்கொண்டு இருந்தேன். நான் வாய் திறக்குமுன் சம்பந்தியே அந்தச் சொல்லை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு சாப்பிட்டார் பாருங்கள், குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து எல்லாரும் எழும்பிய பிறகு குசினிப் பலகையில் இருந்துதான் நான் சாப்பிட்டிருக்கிறேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அதுதான் வழக்கம். எனக்காக ஒருத்தி சோற்றை ஆறவிட்டுக் காத்திருந்தது அன்றுதான். கண் கலங்கிவிட்டது. உறைப்பு என்று சமாளித்தேன்.

அவர்கள் திரும்பிப்போன அடுத்த நாள் மத்தியானம் மனுசனுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். சாப்பிடுகிற சத்தத்தைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார், பக்கத்துக் கதிரை இழுத்துப் போட்டிருக்கிறது.

“வந்து இருமப்பா, பசிக்குது” என்றார்.

அந்தச் சொல் மட்டும் இன்றைக்கும் அவர் வாயில் நுழையாது. அன்று மீன் தலையை என் பக்கத்துச் சோற்றுக் கோப்பையில் வைத்திருந்தார்.