ராக்கெட் ஒட்டிய சுவர்

ஜோசுவா வீட்டுச் சுவரில் அந்த ராக்கெட்டை அப்படி ஒட்டச் சொன்னவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் ஜோசுவா சோல் ஒட்டுகிறவன். நான் அந்த லைனுக்கு சூப்பர்வைசர். அவன் ஒட்டிய சோல் ஒன்றுகூடப் பிய்ந்து திரும்பி வந்ததில்லை. அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு, பழைய இங்கிலீஷ் விண்வெளிப் பட போஸ்டர்கள். ஆற்காட்டில் இடித்த ஒரு தியேட்டரின் பேப்பர்க் கட்டு வேலூர் பழைய பேப்பர் கடைக்கு வந்தபோது, அதிலிருந்து ஒன்றை எடுத்துவந்தான். சிவப்பு கிரகம், வெள்ளி நிற ராக்கெட், கண்ணாடிக் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட ஒரு பெண். படத்தின் பெயர் இருந்த பக்கம் கிழிந்திருந்தது. புதுசாகக் கல்யாணம் ஆனவன், வீட்டு அலங்காரத்துக்கு இதுதான் கிடைத்ததா என்று திட்டினேன்.

"ஆணி அடிச்சா காத்துக்குக் கிழிஞ்சிடும்டா. சோல் ஒட்டுற நம்ம சொல்யூஷன் போட்டு ஒட்டு," என்று யோசனையும் சொன்னேன்.

பேப்பருக்கும் தடவி, சுவருக்கும் தடவி, காயவிட்டு, சூடு காட்டி அமுக்கினோம். ஷூவுக்குச் செய்கிற அதே வேலை. வாடகை வீடாயிற்றே, மைதாப் பசை போதுமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

தினம் வேலைக்குக் கிளம்பும்போது ராக்கெட்டைக் காட்டி, "இன்னா ஹெலன், போலாமா?" என்று பெண்டாட்டியைக் கேட்பான். "போலாம்," என்பாள் அவள். பதினைந்து வருஷமாக இந்தக் கூத்து.

போன வருஷம் ஹெலனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. மூன்று மாதம் அந்தச் சுவரைப் பார்த்தே கிடந்தாள். ஒருநாள் காலையில் அவன் பழக்கத்தில் கேட்க, "போலாம்," என்றாள். லைனில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டுமென்றாலும் போலாம், வலித்தாலும் போலாம். அந்த ஒரு சொல்தான் அவளிடம் மிச்சம்.

வீட்டுக்காரர் ரஷீத் அஹமது பாய் கெட்டவர் இல்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், வீடு தேவைப்பட்டது. அந்தச் சுவரை விட்டுப் போக மனசில்லாமல் ஜோசுவா கேட்டபோதெல்லாம் தவணை கொடுத்துப் பார்த்தார். கடைசியில், "செவுத்தையே பேத்து எடுத்துனு போறதுன்னாலும் போ ஜோசுவா. எனக்கு வேற வழி தெரியல," என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

சுவரைப் பெயர்த்தால் மாடி நிற்காது. நானும் ஜோசுவாவும் சூடு காட்டுகிற கம்பெனி ஹீட் கன்னை எடுத்துப் போனோம். சூட்டில் ஒட்டியது சூட்டில் இளகும் என்று ஒரு நம்பிக்கை. ராக்கெட்டின் வால் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கழன்றது. அப்புறம் பேப்பர் பொரிந்து, சுண்ணாம்போடு சில்லு சில்லாக உதிர ஆரம்பித்தது. ஹெலன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு இதைச் செய்ய வேண்டும் என்கிற புத்திகூட எங்களுக்கு இல்லை.

"விட்டுட்றா," என்றேன்.

"நல்லாத்தான் ஒட்டிருக்கோம், கோபி," என்றான் ஜோசுவா. எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

செல்போனில் முன்பே எடுத்து வைத்திருந்த படத்தை ஃபிளெக்ஸ் அடித்து, புது வீட்டில் கட்டிலுக்கு எதிரே மாட்டினோம். பளபளவென்று இருந்தது. ஹெலன் ஒருமுறை பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லும் வரவில்லை.

ஜோசுவா இன்னமும் தினம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறான். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நிற்கிறான். அதனால் லைனுக்குப் பத்து நிமிஷம் லேட்டாக வருகிறான். அந்தப் பத்து நிமிஷத்தை நான் ரெஜிஸ்டரில் எழுதுவதில்லை.