ஒரே வீட்டில் மூன்று போர்டு

"மேடம், அந்த ஸ்ரீரங்கம் வீட்ல போர்டைப் போட்டு தோசைக்கு அரைக்கிறாங்களா?"

சென்னையிலிருந்து ரீஜனல் மேனேஜர் போனில் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகாத டாப் லோடு வாஷிங் மிஷினில் இரண்டு போர்டு மாற்றியாகிவிட்டது. மூன்றாவதற்கு நாங்கள் கோரிக்கை அனுப்பியிருந்தோம். போர்டு என்று நாங்கள் சொல்வது பிசிபியை. மிஷினின் மேல்பக்கத்தில், பட்டன்களுக்கு அடியில் இருக்கும். எப்போது தண்ணீர் பிடிப்பது, எப்போது சுற்றுவது, எப்போது பிழிவது என்று முடிவு செய்வது அதுதான். அது போய்விட்டால் மிச்சமிருப்பது மூடி போட்ட தகர டிரம்.

"வோல்டேஜ் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு சார். எர்த்திங்கும் சரியா இருக்கு. எலியும் இல்ல."

"அப்ப உங்க டெக்னீஷியனப் பாருங்க" என்றார். "திங்கக்கிழமை வரைக்கும் டைம். காரணம் வரலேன்னா அவர் ஐடியை லாக் பண்றோம்."

நான் அப்போது மன்னார்புரத்தில் அந்த மிஷினைச் செய்யும் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு மேனேஜர். பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, பிறகு அஞ்சல் வழியில் இரண்டு பட்டங்களும் வாங்கியவள். கம்பெனியின் விதிமுறைகள் அத்தனையையும் படித்த ஒரே ஆள் நான்தான் என்று நம்புகிறேன். எழுதியவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை.

சிசு மரணம்

புது மிஷின் சீக்கிரமே பழுதாவதற்குப் பொறியியலில் இதே பெயர்தான். ஒரு மிஷின் பழுதாவது பெரும்பாலும் இரண்டு காலங்களில்: பிறந்த கொஞ்ச நாளில், இல்லையென்றால் கிழடான பிறகு. நடுவில் அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

புது மிஷின் பழுதானால் எல்லோரும் கம்பெனியைத் திட்டுவார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மறுபாதி நேரம் காரணம் வீட்டிலேயே இருக்கும். உறையூரில் ஒரு வீட்டில் தண்ணீர் ஏறவில்லை என்று புகார். இன்லெட் பில்டரைக் கழற்றினால் போர்வெல் மணல், ஒரு பூந்தொட்டிக்குப் போதும். தில்லைநகரில் இன்னொரு வீடு. பிரண்ட் லோடு மிஷினை லாரியில் அனுப்பும்போது உள்ளே டிரம் ஆடாமலிருக்க நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். எங்கள் ஆள் போய் அதைக் கழற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும். எங்கள் ஆள் போகவேண்டிய மறுநாள் கரிநாள். அதனால் அவர்களே அன்றைக்கே நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, போல்ட்டோடு ஓட்டிவிட்டார்கள். மிஷின் குழாயைப் பிடுங்கிக்கொண்டு நடந்துபோய் பிரிட்ஜின் மேல் சாய்ந்து நின்றது. "நல்ல நேரத்துலதாங்க போட்டோம்" என்றார் வீட்டுக்காரர். நான் மறுக்கவில்லை. கெட்ட நேரத்தில் போட்டிருந்தால் வாசலைத் தாண்டியிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் காரணம் கண்ணுக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்து வீட்டில்தான் தெரியவில்லை.

முருகேசன்

அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த டெக்னீஷியன் முருகேசன், உறையூர்க்காரர். ஸ்க்ரூ ஒன்று மிஞ்சினால்கூட மிஷினை மறுபடி பிரித்துப் பார்க்கிற ரகம். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டில் ஒரே காரணத்தைத்தான் எழுதியிருந்தார்: ஈரம். போர்டின் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஈரம் எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில், 'தெரியவில்லை. வாடிக்கையாளர் மறுக்கிறார்' என்று இருந்தது.

சென்னையில் வேறு கணக்குப் போட்டார்கள். எங்கள் தொழிலில் ஒரு திருட்டு உண்டு. நன்றாக இருக்கும் போர்டைப் போய்விட்டதென்று எழுதி, புதியதை வரவழைத்து வெளியே விற்றுவிட்டு, எங்கிருந்தோ ஒரு செத்த போர்டைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவது. முருகேசன் திருப்பி அனுப்பிய இரண்டு போர்டுகளிலும் சீரியல் எண் ஸ்டிக்கர் இல்லை. உரிந்து போயிருந்தது. உரித்திருக்கிறார் என்றார்கள்.

ஐடி லாக் ஆனால் எங்களிடம் மட்டும் வேலை போகாது. அடுத்த கம்பெனி எங்களிடம்தான் விசாரிக்கும். முருகேசன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"வேலை போனா வேற வேலை பாத்துக்கலாங்க மேடம். திருடன்னு பேர் வாங்கிட்டு உறையூர்ல எப்படிங்க நடக்கறது?"

"உக்காருங்க. ஈரமான்னு அந்த வீட்ல யார்கிட்ட கேட்டீங்க?"

"சார்கிட்டதான். மூணு தடவையும் கேட்டேன். மிஷின் மேல தண்ணி படுதான்னு கேட்டா, மேல ஷீட் போட்டிருக்கு, மழைகூட படாதுங்கறார்."

"துணி துவைக்கிறது யாரு?"

"அவங்க வீட்டம்மாங்க. ஆனா அவங்க முன்னால வரமாட்டாங்க மேடம். நான் போற நேரம் அவங்க மடியா இருப்பாங்களாம்."

எங்கள் கேள்விப் படிவத்தில் இருபதுக்கு மேல் கேள்விகள் உண்டு. 'இதற்குப் பதில் சொல்பவர் எப்போதாவது துணி துவைத்திருக்கிறாரா' என்ற கேள்வி மட்டும் கிடையாது.

கொல்லைப்புறம்

சனிக்கிழமை காலை முருகேசனையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றியில் பளிச்சென்று திருமண். எங்களைக் கூடத்தில் உட்காரவைத்து, வோல்டேஜ் பற்றித் தெளிவாகப் பேச ஆரம்பித்தார்.

"சார், நான் மாமியப் பாக்கணும்" என்றேன்.

"எதுக்கு? எல்லாம் நானே சொல்றேனே."

"எந்த பட்டனை அமுக்கி ஸ்டார்ட் பண்ணுவாங்க?"

அவர், "வேதா, ஒருத்தர் வரா" என்று உள்ளே குரல் கொடுத்தார். முருகேசன் காபியோடு கூடத்திலேயே நின்றுவிட்டார்.

கொல்லைப்புறத்தில், தகர ஷீட்டுக்குக் கீழே மிஷின் இருந்தது. வேதவல்லி மாமி மடிசாரில், ஈரத் தலையோடு, தள்ளி நின்றார்.

"அங்கேயே நில்லுங்கோ. தப்பா நினைச்சுக்காதேங்கோ, மடியா இருக்கேன்."

"நிக்கறேன் மாமி. எங்க கோயில்லயும் பாதி நேரம் நிக்கறதுதான்."

மேலப்புதூர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு மடி என்றால் என்னவென்று அன்றுதான் சரியாகத் தெரிந்தது. குளித்து, தனியாக உலர்த்திய துணியை உடுத்தி, பெருமாளுக்குப் பூஜையும் சமையலும் முடியும் வரை வேறு எதையும் தொடாமல் இருப்பது. அந்தத் துணியை மற்ற துணிகளோடு சேர்க்கக் கூடாது. மற்றதெல்லாம் விழுப்பு.

"மிஷின் ஓடலேன்னா பரவால்ல மாமி. தினம் என்ன பண்ணுவேளோ, முதல்லேர்ந்து அப்படியே பண்ணிக் காட்டுங்க."

மாமி தலையாட்டினார். குழாயடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்தார். சொம்பில் மொண்டு, மிஷினின் மூடி மேல் ஒரு சொம்பு ஊற்றினார். பட்டன்கள் மேல் ஒரு சொம்பு. வலப்பக்க ஓரத்தில் ஒரு சொம்பு. பிறகு கையால் வழித்துவிட்டு, "இப்போ துணியைப் போடுவேன்" என்றார்.

நான் பார்க்காத பழுது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

"மாமி, எதுக்கு அது?"

"எது?"

"தண்ணி ஊத்தினேளே."

"பின்னே? எல்லார் விழுப்புத் துணியும் தோச்ச மிஷின். அதுல அப்படியே மடித்துணியைப் போடச் சொல்றேளா?" என்றார் மாமி. "கையில எலும்பு முறிஞ்சுது, என்னால பிழிய முடியல. பொண்ணு இதை வாங்கி அனுப்பினா. மடித்துணியை இதுல போடலாமான்னு நன்னா யோசிச்சுத்தான் முடிவு பண்ணினேன். தோய்க்கற கல்லுல ஊர்ல எல்லாரும்தானே தோய்க்கறா. நம்ம துணியை வைக்கறதுக்கு முன்னாடி கல்லை அலம்பறோமோ இல்லையோ? அதே நியாயம்தான்."

இதைவிடத் தெளிவாக எங்கள் டிசைன் பிரிவிலிருந்து ஒரு குறிப்பு வந்து நான் பார்த்ததில்லை.

முருகேசனைக் கூப்பிட்டேன். ஈரமான பேனலைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டிக்கர் எப்படி ஊறி உரிந்தது என்று நான் விளக்கவேண்டி இருக்கவில்லை. பின்னாலேயே வந்த ஸ்ரீனிவாசன் சார், "இதை ஏன் எங்கிட்ட சொல்லலே?" என்று மாமியைக் கேட்டார்.

"நீங்கோ கேட்டாத்தானே."

நம்பும்படி ஒரு காரணம்

அங்கிருந்தே சென்னைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"மேடம்" என்றார் ரீஜனல் மேனேஜர், பொறுமையாக. "உங்க டெக்னீஷியனக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க, புரியுது. ஆனா நம்பற மாதிரி ஏதாவது சொல்லுங்க. எலின்னு சொல்லுங்க, பல்லின்னு சொல்லுங்க. தினம் வாஷிங் மிஷினக் குளிப்பாட்டறாங்கன்னா நான் எம்.டி.க்கு எப்படி எழுதறது?"

"வீடியோ எடுத்து அனுப்பினா?"

"யாரு அப்படி வீடியோவுல வந்து ஒத்துக்குவாங்க?"

மாமியிடம் உள்ளதைச் சொன்னேன். திங்கட்கிழமை முருகேசன் பெயருக்கு முன்னால் என்ன எழுதப்போகிறார்கள் என்பதையும் சொன்னேன். மாமி முருகேசனையே பார்த்தார்.

"இவரையா? இவர் காபி குடிச்ச டம்ளரைக்கூட அலம்பி வெச்சுட்டுப் போறவராச்சே" என்றார். பிறகு என்னிடம், "அந்தப் போன் என்னைத் தொடாதே?"

"தொடாது மாமி. தள்ளியிருந்தே எடுக்கலாம்."

"அப்போ எடுத்துக்கோங்கோ."

நான் எடுத்தேன். முருகேசன் பக்கத்திலிருந்து, "ஊத்துங்க மாமி, நல்லா ஊத்துங்க. அதுதான் ஏற்கனவே செத்துப்போச்சே" என்று உற்சாகப்படுத்தினார். மூன்று சொம்பும் முடிந்ததும் மாமி நேராகக் கேமராவைப் பார்த்தார். "நான் வேதவல்லி. ஜலம் விட்டது நான்தான். இந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை. ஜலத்துக்குன்னே பண்ணின மிஷின், மேல மூணு சொம்பு ஜலம் தாங்காதுன்னா அதைப் பண்ணினவாளைக் கேளுங்கோ."

பக்க எண்

சற்று நேரத்தில் ரீஜனல் மேனேஜரே கூப்பிட்டார். வெகுநேரம் சிரித்திருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது.

"அந்த மூணாவது சொம்பு சரியா கனெக்டர் இருக்கற பக்கமாவே ஊத்தறாங்க மேடம். பயிற்சி குடுத்தாக்கூட வராது. முருகேசன் மேட்டர் குளோஸ்." பிறகு குரல் மாறியது. "கஸ்டமர் மிஸ்யூஸ்னு போட்டு, வாரண்டியை கேன்சல் பண்ணிடுங்க."

முருகேசனுக்காக வாய் திறந்தவருக்குக் கிடைக்கும் பரிசு இது.

"பண்ணிடறேன் சார். மிஸ்யூஸ்னு போடணும்னா, எந்த எச்சரிக்கையை அவங்க மீறினாங்கன்னு கையேட்டோட பக்க எண் எழுதணும். அது நம்ம விதி. எண்ணைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. மிஷின் மேல் குழந்தைகளை ஏறவிடக் கூடாது என்று இருந்தது. பெட்ரோல் பட்ட துணியைப் போடக் கூடாது என்று இருந்தது. மழையில் வைக்கக் கூடாது என்றும் இருந்தது. மாமி மழையில் வைக்கவில்லை. சொம்பால் ஊற்றுவதைப் பற்றி எங்கும் ஒரு சொல் இல்லை. நான் முந்தின நாள் இரண்டு தடவை படித்திருந்தேன்.

"என்ன மேடம் இது" என்றார் கடைசியில். "சரி, வாரண்டியிலயே மூணாவது போர்டைப் போட்டுக் குடுங்க. நாலாவது கேட்டா நானே ஸ்ரீரங்கம் வருவேன்."

நாலாவது தேவைப்படவில்லை. புது போர்டைப் பொருத்திய அன்று முருகேசன் மாமிக்கு ஒரு வழி சொன்னார். துணி போடாமல் வெறும் மிஷினை ரின்ஸில் ஒரு தடவை ஓடவிட்டால், அது தன்னைத்தானே அலம்பிக்கொள்ளும்.

"தானே ஸ்நானம் பண்ணிக்கும்னா நான் எதுக்குப் பண்ணிவைக்கணும்?" என்றார் மாமி. வெளிப்பக்கத்துக்கு அவரே தீர்வு கண்டார். பட்டுக்கு விழுப்பு சட்டென்று ஒட்டாது என்பது அவர்கள் வழக்கம். பழைய பட்டு வேஷ்டி ஒன்றை மிஷின் மேல் போர்த்தினார். சத்திரம் பேருந்து நிலையம் முதல் ஏர்போர்ட் வரை நான் பார்த்த மிஷின்களிலேயே நன்றாக உடுத்தியது அதுதான்.

புது மிஷின் பழுதென்று இனி உங்களுக்குப் புகார் வந்தால், கேள்விப் படிவத்தைப் பையிலேயே வையுங்கள். அந்த வீட்டில் துணி துவைப்பவர் யார் என்று விசாரித்து, அவரை ஒரு தடவை துவைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டு பாருங்கள். இந்த முறை எந்த விதிமுறையிலும் எழுதப்படவில்லை.

கம்பெனியும் ஏதோ கற்றுக்கொண்டது. கையேட்டின் அடுத்த பதிப்பில், 'இயந்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று ஒரு வரி ஏறியது. வேறு ஊர்களில் படிப்பவர்கள் யார் இப்படிச் செய்வார்கள் என்று சிரிக்கலாம். கையேட்டில் எந்த அபத்தமான வரியும் சும்மா வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால், நன்றாக யோசித்து, முழு நியாயத்தோடு அதைச் செய்த ஒருவர் இருக்கிறார். அதற்கு அடுத்த வரியில், மிஷின் மேல் மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. அது எங்கள் மேலப்புதூர் ஆட்களில் யாரோதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.