பாறை வழியாக வந்த பம்ப் சத்தம்

1. ஆடக் கூடாத முள்

மைக்குக்கு முன்னால் யாரும் இல்லை. இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன. ஆனாலும் கன்ஸோலில் சத்தத்தின் அளவைக் காட்டும் VU மீட்டரின் முள் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனை மாட்டினேன். டுக், டுக், டுக் என்று அடிவயிற்றிலிருந்து வருவது மாதிரி ஒரு சத்தம்.

1983, மாசி மாதம். யாழ்ப்பாணம் டவுனிலிருந்து சில மைல் தள்ளி நீர்வேலி என்ற ஊர். மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே ஒரு ரெகார்டிங் ஸ்டூடியோ கட்டியிருந்தேன். வேலை முடிந்தது என்று அன்று காலையில்தான் ஓனரிடம் கை குலுக்கினேன்.

ஓனர் நேசரத்தினம் மாஸ்டர். மிஷன் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். அங்கத்து ஆட்கள் ஒரு பாட்டை ஒழுங்காகப் பதிய வேண்டுமென்றால் கொழும்புக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கடல் தாண்டி எங்கள் ஊருக்கு வர வேண்டும். "இனி ஒருத்தரும் கடல் தாண்டத் தேவையில்லை" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டு, மனைவியின் சீதன வீட்டை ஸ்டூடியோவுக்குக் கொடுத்திருந்தார். இது சரிவராவிட்டால் அவர் தலைநிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது. அப்படிப்பட்ட மனுஷரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சார், மவுண்ட் ரோட்டுக்குப் பின்னாடியே ஸ்டூடியோ கட்டினவன் நான். இங்க சுத்திலும் வாழைத்தோட்டம். கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்."

அப்படியேதான் கட்டியிருந்தேன் என்பது அன்று மத்தியானம் தெரிந்தது.

2. சத்தம் வந்த வழி

சுவரில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரட்டைச் சுவர், நடுவில் மணல், உள்ளே தேங்காய்த் தும்பு மெத்தை, அதன்மேல் துணி. வாசலில் நின்று லாரி ஹாரன் அடித்தாலும் உள்ளே கேட்காது. அதைச் சோதித்தும் பார்த்தேன். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றேன். உள்ளங்கால் கூசியது.

வெளியே போய்ச் சத்தத்தைத் தேடினேன். வாழைகளுக்கு அப்பால், நாற்பது கஜத்தில் ஒரு கிணறு. அதன் விளிம்பில் மண்ணெண்ணெயில் ஓடும் வாட்டர் பம்ப் ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் சிவப்பு மண் முழங்கால் ஆழம்தான். அதற்குக் கீழே ஒரே சுண்ணாம்புப் பாறை. பம்பும் அந்தப் பாறைமேல் உட்கார்ந்திருந்தது, என் ஸ்டூடியோவும் அதே பாறைமேல் உட்கார்ந்திருந்தது. மெட்ராஸில் நான் கட்டியதெல்லாம் மணலில். மணல் சத்தத்தைத் தின்னும். இந்தப் பாறை வாங்கியதை அப்படியே கொண்டுவந்து கொடுத்தது.

கன்ஸோலில் கீழ் ஸ்தாயிச் சத்தத்தை வெட்டும் லோ கட் போட்டுப் பார்த்தேன். பம்ப் குறைந்தது, ஆம்பிளைக் குரலின் கனமும் கூடவே போய்விட்டது. புதிதாகப் போட்ட தரையைப் பெயர்த்து, லாரி டயரை வெட்டி அடியில் வைத்து மறுபடி போட்டேன். ஆறு நாள் வேலை, முதுகு விட்டுப்போனது. சத்தம் பாதிதான் குறைந்தது. மீதி அஸ்திவாரம் வழியாகச் சுவரில் ஏறியது.

மாஸ்டர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "மிஸ்டர் கோபால், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ரண்டு நாள் இருக்கு. குருநகர் ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

குருநகர் ஆட்கள் என்றால் கடற்கரையிலிருந்து வரும் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழு, இருபத்திரண்டு பேர். தவக்காலப் பாட்டுகள் பதிய ஒப்புக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மீன்பிடிக்கிறவர்கள். கடலுக்குப் போகாத நாள் ஞாயிறு ஒன்றுதான். அவர்கள் வந்து திரும்பிப் போனால் அடுத்த குழு எதுவும் எங்கள் படி ஏறாது.

3. பாக்கியம் அக்காவின் முறை

பம்பை ஒரு நாள் நிறுத்தச் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தேன். அங்கேதான் இரண்டாவது தடவை சறுக்கினேன்.

அது பங்குக் கிணறு. இத்தனை தோட்டத்துக்கு இத்தனை பங்கு என்று காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என்று முறை உண்டு. அவரவர் பம்ப் மிஷினை அவரவர் கொண்டுவந்து வைத்து இறைத்துவிட்டு எடுத்துப் போவார்கள். ஞாயிறும் புதனும் பாக்கியம் என்ற பெண்மணியின் முறை. நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷனுக்குக் கொழும்பில் உத்தியோகம், தோட்டம் முழுவதும் இந்த அம்மாவின் கையில். வெங்காயம் போட்டிருந்தார்.

"அக்கா, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் விட்டுக்குடுங்க. திங்கக்கிழமை இறைச்சுக்கலாமே?"

"திங்கள் வேறை ஆளின்ரை முறை தம்பி. ஒருத்தற்றை முறையிலை கை வைச்சால் ஏழு நாளும் குழம்பிப்போகும். வெங்காயம் இப்பதான் கிழங்கு வைக்குது. ஞாயிறு விட்டால் புதன் வரைக்கும் அது என்னத்தைக் குடிக்கிறது? உங்கடை பாட்டையோ?"

"சர்ச் பாட்டு அக்கா..."

"ஆரின்ரை பாட்டெண்டாலும் என்ரை முறையை நான் விடமாட்டன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் பம்ப் என்ன பாடு படுத்துகிறது, வந்து பாருங்கள் என்று கையோடு கூட்டிவந்தேன். தரையின் ஒரு மூலையைத் திறந்து டயர்த் துண்டுகளைக் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்து அமுக்கியும் பார்த்தார்.

"உந்த டயரை என்னத்துக்கு வைச்சனீங்கள்?"

"அதிர்வு மேல ஏறாம இருக்க."

"அதிருறது மிசின் எல்லோ? மிசினுக்குக் கீழை வைக்கிறதை விட்டிட்டு வீட்டுக்குக் கீழை வைச்சிருக்கிறியள். காய்ச்சல் ஒருத்தருக்கு, கசாயம் இன்னொருத்தருக்கோ?"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று முதுகு சொன்னது. பதினோரு வருஷ சர்வீஸ், மூன்று ஸ்டூடியோ கட்டிய அனுபவம், எல்லாம் சேர்ந்து என் காது மடலில் சூடாக ஏறியது.

4. தோய்க்கிற கல்

சனிக்கிழமை சாயங்காலம் அன்றைய முறைக்காரர் மிஷினை எடுத்துப் போனதும் கிணற்றடியில் ஒரு முழு லாரி டயரைப் படுக்கவைத்து, உள்ளே தும்பை அடைத்தேன். அதன்மேல் பாக்கியம் அக்காவின் மிஷினை வைத்து ஓட்டிப் பார்த்தோம். மிஷின் சாமி வந்த மாதிரி ஆடியது. தண்ணீரை உறிஞ்சும் சக்ஷன் குழாயின் பூட்டு கழன்று, காற்றை இழுத்து, தண்ணீர் நின்றுபோனது.

"நாளைக்கும் இப்பிடிக் காத்து இழுத்தால் டயரைத் தூக்கிக் கிணத்துக்கை எறிஞ்சு போடுவன். சொல்லிப்போட்டன்" என்றார் அக்கா. எறிந்திருப்பார்.

ராத்திரி முழுவதும் யோசித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் தேய்க்கும்போது விடை எதிரிலேயே கிடந்தது. மாஸ்டர் வீட்டில் துணி தோய்க்கிற கல். ஸ்பிரிங் மாதிரி டயர் மட்டும் போதாது, அதன்மேல் கனம் வேண்டும். கனம் இருந்தால் மிஷின் ஆடாது. படித்த பாடம்தான், சமயத்தில் மறந்துபோனது.

மாஸ்டரின் மனைவி, "கல்லைக் கொண்டுபோங்கோ, ஆனால் திங்கட்கிழமை உடுப்பு முழுக்க இவர்தான் தோய்க்கிறது" என்று மாஸ்டரைக் காட்டினார். நாலு பேர் சேர்ந்து கல்லை உருட்டிப்போய் டயர்மேல் ஏற்றினோம். கல்லுக்கு மேலே மிஷின். சக்ஷனில் ஒரு முழம் ரப்பர் குழாயை நடுவில் சேர்த்தேன், ஆட்டம் பூட்டுக்குப் போகாமல் இருக்க. பூட்டை முறுக்கி முடிக்கிறேன், வாசலில் வேன் வந்து நின்றது. பூசை முடித்து வெள்ளைச் சட்டையோடு இருபத்திரண்டு பேர்.

ஓட்டிப் பார்க்க நேரமில்லை. "அக்கா, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

5. ஞாயிறு

மைக்குகளை வைத்தேன், ஹார்மோனியத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். கதவைச் சாத்தி ஹெட்ஃபோனை மாட்டினேன். முள் அசையவில்லை. செத்த பாம்பு மாதிரி கிடந்தது.

மனம் இளகிவிட்டது அந்த அம்மாவுக்கு, வெங்காயம் போனால் போகட்டும் என்று மிஷினை நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். நன்றியாகவும் இருந்தது, குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது. அந்த நினைப்போடு டேப்பை ஓட்டினேன்.

முதல் பாட்டு மூன்று டேக். இரண்டாவது ஒரே டேக். குழுவில் முன்வரிசையில் நின்ற தடித்த மனுஷர் ஒருவர் மைக் வழியாக, "தம்பி, உள்ளுக்கை என்ன இவ்வளவு அமைதி? கடலிலை எஞ்சினோடை போட்டி போட்டுக் கத்திப் பழகின குரல் இது. என்ரை குரலே எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துப் பாடிய பாட்டுதான் அன்றைக்கு எடுத்ததிலேயே நல்லது. அடிகளுக்கு இடையே அவர்கள் மூச்சு விடுகிற இடங்கள் டேப்பில் அத்தனை சுத்தமாக விழுந்தன. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

கடைசி டேக் முடிந்ததும் பின்கதவால் கிணற்றடிக்கு ஓடினேன். காய்கிற வெங்காயத்துக்கு அக்காவிடம் என்ன சமாதானம் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு போனேன். வாழைகளைத் தாண்டுவதற்குள் செருப்பில் சேறு அப்பியது. வாய்க்கால் நிறையத் தண்ணீர்.

மிஷின் கல்மேல் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நான் குந்தி உட்கார்ந்து பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"எப்ப அக்கா ஆரம்பிச்சீங்க?"

"பாட்டுக்கார ஆக்கள் வேனாலை இறங்கேக்கையே துவங்கிட்டன். ஏன் தம்பி, கேட்டதோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அக்கா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, இனிக் கல் அங்கேயே இருக்கட்டும், முன்பு நகர்ந்துகொண்டே போன மிஷின் இப்போது அசையாமல் நிற்கிறது, மற்ற நாள் முறைக்காரருக்கும் சொல்கிறேன் என்றார்.

அதற்கப்புறம் வேறு வேறு நாடுகளில் ஸ்டூடியோ கட்டப் போயிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. போய் இறங்கியதும் அளவு டேப்பைப் பெட்டியிலேயே வையுங்கள். முதலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், யார் என்ன வேலை செய்கிறார்கள், எந்தக் கிழமையில் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் வேலையை நிறுத்தச் சொல்லத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அன்றைக்கு அந்த அம்மா சரி என்று சொல்லியிருந்தால் நான் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஸ்டூடியோ கட்டியிருப்பேன்.