வானவில் தோட்டத்தில் ஒரு கேரட் வரிசை

ஐந்தாம் வகுப்பு சார் எங்கள் வீட்டுக்குத் தோட்டம் பார்க்க வந்த சனிக்கிழமை அம்மா இருந்தாள், அம்மாவின் தம்பியான மாமா இருந்தார், நான் இருந்தேன். அப்பா இல்லை. எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர் திரும்ப இன்னும் பத்து நாள் இருந்தது.

தோட்டத்தை மண்ணில் போடும் முன் தாளில் போட வேண்டும் என்பது சாரின் கொள்கை. கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் ஓரடி. தோட்டத்துக்கு ஒரு கருத்தும் இருக்க வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் சாம்பார்த் தோட்டம், கீரைத் தோட்டம் என்று எடுத்துக்கொள்ள, நான் வானவில் எடுத்தேன். தக்காளி சிவப்பு, வெண்டை பச்சை, கத்தரி ஊதா. நீலத்துக்கு வேலியில் சங்குப்பூ போதும் என்று சார் இறங்கிவந்தார். கருநீலத்தைத் தள்ளுபடி செய்தார். ஆரஞ்சில்தான் தகராறு.

"பரங்கி போடுடா. கேரட்டெல்லாம் நம்ம கரிசல்ல வராது."

"பரங்கிய அறுத்தாதான சார் ஆரஞ்சு தெரியும்."

"கேரட்டு மட்டும் மண்ணுக்கு மேலயா தெரியும்?"

அதைக் காதில் வாங்காமல் கட்டத்தில் கேரட் என்றே எழுதினேன். பிடிவாதம்தான்.

மற்ற வரிசைகள் தாளில் இருந்தபடியே வந்தன. கேரட் மட்டும் விரல் நீள இலையோடு நின்றுவிட்டது. தோண்டினால் நூல்போல ஒரு வேர். சார் வந்து சிரித்தால் இனிப் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று வியாழக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போனவன் நான். அம்மா திட்டவில்லை. மாமாவைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிவிட்டு வந்தபோது கேரட் வரிசை சாண் உயரத்துக்குப் பச்சையாக நின்றது.

"நேத்து தூறுச்சுல்ல, அதான்" என்றாள் அம்மா.

"எல்லாம் மாப்ள கைராசிதான், அக்கா" என்றார் மாமா. நம்பினேன்.

மறுநாள் சார் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்து வந்தார். கேரட்டிடம் நின்றார். எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயம் நடுவதுபோல, மேடாக இழுத்த பாரின் இரண்டு பக்கமும் நான்கு விரல் இடைவெளியில், ஒன்று பிசகாமல் செடிகள் இருந்தன. ஒன்றைப் பிடுங்கினார். நேராக, வழவழவென்று வந்தது. மாமா வேலியோரம் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தார்.

"என்ன உரம்மா வச்சீங்க?"

"சாணிதாங்க சார்."

"நட்ட கை வெங்காயம் நட்ட கைபோல இருக்கே."

"பழக்கங்க" என்றார் மாமா, ஆட்டிடமே சொல்வதுபோல.

சார் தாளில் முழு மதிப்பெண் போட்டார். கிளம்பும்போது அம்மாவிடம், "இன்னைக்கே பூராத்தையும் புடுங்கி ஆக்கிருங்க. விட்டா வாடிப்போயிரும்" என்றார்.

மண்ணில் இருக்கிற கேரட் ஏன் வாடும், விட்டால் இன்னும் பெருக்காதா என்று நான் சாரோடு வாதாடினேன். அம்மா கேரட்டைப் பிடுங்க உட்கார்ந்துவிட்டாள். படித்தவருக்கே இது தெரியவில்லையே என்று சாருக்காக வருத்தப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை மாமா மக்காச்சோளம் ஒடிக்கப் போகவில்லை என்பதை அம்மா வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள். விட்ட கூலி முந்நூறு, திருச்சி மார்க்கெட் போய்வர பஸ்ஸுக்கு அறுபது, இலையோடு கேரட் எண்பது. ஆக நானூற்று நாற்பது ரூபாய்.