பல் வைத்த வைஸ்

ஐம்பது வயதில் பிஸ்டல் சுடக் கற்றுக்கொண்டவள் நான். ஏர் பிஸ்டல். காற்றழுத்தத்தில் மிளகளவு ஈயக் குண்டு போகும், பத்து மீட்டரில் இலக்கு, அவ்வளவுதான். இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை விளக்கியிருப்பேன்!

போன வருஷம் மாநிலப் போட்டியில் தகுதி மதிப்பெண்ணை இரண்டு புள்ளியில் கோட்டைவிட்டேன். என் கை மீது பழி போட மாட்டேன். பாதிப் போட்டியில், குறி பார்க்கும் சைட்டின் திருகு தளர்ந்து ஆடத் தொடங்கிவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு திருகினால் அப்படித்தான் ஆகும், பட்டறையில் சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் அசையாமல் பிடித்து முடுக்குங்கள் என்றார் பயிற்சியாளர். இந்த வருஷம் விடுவதில்லை என்று வைஸ் வாங்கக் கிளம்பினேன்.

மயிலாப்பூரில் முதல் கடை. எதைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார் கடைக்காரர். பிஸ்டலை என்றேன். ஆணி டப்பாவுக்குள் விட்ட கையை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

"இன்னா மேடம், காலங்காத்தால இப்டி பேசிக்கினு கீறீங்க? அதெல்லாம் நம்மகிட்ட இல்ல."

அவர் தலைக்குப் பின்னால் மூன்று வைஸ்கள் வரிசையாக இருந்தன. விளையாட்டு, பதக்கம் என்று நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எரிச்சலோடு வெளியே வந்தேன்.

தி.நகர் கடையில் புத்திசாலித்தனமாக, குழாய் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். திருநெல்வேலிக்காரர், மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"வீட்ல சார் குழாய் வேல பாக்காரோ?"

"நான்தான் பாக்கறேன்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் குழாய்க்கென்றே செய்த, ஆளைத் தூக்கியடிக்கும் கனத்தில் ஒரு வைஸை எடுத்துக் கொடுத்தார். வாயின் இரண்டு பக்கமும் பல் பல்லாக இருந்தது. வழுக்காது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அதை மேஜையில் போல்ட் போட்டுத்தான் மாட்ட வேண்டுமாம். எங்கள் வீட்டில் அதைத் தாங்கக்கூடியது சாப்பாட்டு மேஜை ஒன்றுதான்.

"தேக்குடி இது," என்றார் என் கணவர். "இதுல ஓட்டை போடறதை மட்டும் நான் பாத்துண்டு இருக்க மாட்டேன்."

சரி என்று தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு பிஸ்டலை இறுக்கினேன். எடுத்துப் பார்த்தால் அலுமினிய உடம்பில் எலி கடித்த மாதிரி இரண்டு வரிசைத் தழும்பு. அழுதேன். குழாய் என்று சொன்னவளுக்குக் குழாய் வைஸைக் கொடுத்தவர் மீது என்ன தப்பு?

மூன்றாவதாக ஈக்காட்டுத்தாங்கல் போனேன். பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் பாய் ஒருவரிடம், வருவது வரட்டும் என்று பிஸ்டல் என்றே சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பாடி இரும்பா, அலுமினியமா மேடம்?"

எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. மேஜை விளிம்பில் கவ்விக்கொள்ளும் சின்ன வைஸ் ஒன்றைக் கொடுத்தார். ஓட்டை வேண்டாம். வாய்க்கு ரப்பர் ஒட்டியும் தந்தார். அன்றே சைட்டை முடுக்கினேன். மறுநாள் ரேஞ்சில் சுட்டுப் பார்த்தேன். குண்டெல்லாம் நடுவில் விழுந்தது. இனி போட்டி முடியும்வரை சைட்டைத் தொடக்கூடாது. போட்டி விஜயதசமிக்கு அடுத்த நாள்.

சரஸ்வதி பூஜையன்று நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்துக்கு வந்தால் புத்தகங்களுக்கு நடுவே சின்ன வைஸ். அதன் வாயில் என் பிஸ்டல் நிமிர்ந்து நின்றது. சந்தனம், குங்குமம், மேலே ஒரு துண்டு கதம்பம். மூன்று வருஷமாக அந்தப் பிஸ்டலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனுஷர், முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"சாஞ்சு சாஞ்சு விழுந்துது. நன்னா இறுக்கிட்டேன்."

இறுக்கியது சைட்டைச் சேர்த்து. எடுக்கக் கை நீட்டினேன்.

"பூஜைல வச்சதை இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குக் கார்த்தால எடுத்துக்கோ."

மறுநாள் காலை புனர்பூஜை ஆனதும் எடுத்தேன். சைட்டின் தகடு வளைந்திருந்தது. திருகின் பள்ளத்தில் சந்தனம் காய்ந்து கிடந்தது. ஊசியால் சுரண்டி, தகட்டைக் கண்ணால் பார்த்தே நிமிர்த்தினேன். விடுமுறை, ரேஞ்ச் மூடியிருந்தது. அவரைப் பார்த்துக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டேன் என்று பேசாமல் இருந்தேன்.

போட்டியில் குண்டு இடது பக்கம் நகர்ந்துகொண்டே போனது. எவ்வளவு சரி செய்தும் நிற்கவில்லை. ஒரு புள்ளியில் போயிற்று.

அவர் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார்.

"சைட்டு சரியா இருந்துதா?"

"இருந்துது. என் கைதான் நடுங்கிடுத்து," என்றேன். கடைக்காரரிடம் குழாய் என்று சொன்ன அதே வாய்.

அடுத்த ஞாயிறு நான் காய்கறி வாங்கித் திரும்பியபோது கூடமெல்லாம் மரத்தூள். தேக்கு மேஜையில் நான்கு ஓட்டை போட்டு, போல்ட் மாட்டி, கை நடுங்கினாலும் அசையாதபடி ஒரு வைஸை நிறுத்தியிருந்தார். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டுல இதுதான் கெட்டியா இருந்துது."

பல் வைத்த வைஸ்.