ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும்

இது கதையில்லை. கேதீஸ்வரனுக்கு வயது போய் மூளை குழம்பிவிட்டது என்று என் மருமகனே சொல்லித் திரிகிறான். சொல்லட்டும். நான் குடிகாரன் அல்ல. அன்று பால் விடாத தேத்தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தேன். 1974 யூலை, மெல்பேர்னில் பிரன்ஸ்விக். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்போது நான் ட்ராமில் கண்டக்டர். என்னோடு வேலை செய்தவன் ஈமன் டெவ்லின் என்ற அயர்லாந்துப் பெடியன். கயிற்றை இழுத்து ஒரு மணி அடித்தால் ட்ராம் நிற்க வேண்டும், இரண்டு மணி அடித்தால் போகலாம். அதை எனக்குப் பழக்கியவன் அவன்தான். நான் அவனுக்குப் பழக்கிய தமிழ் ஒன்றே ஒன்று: "போட்டு வாறன்." போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு. வேலை முடிந்து போகும்போதெல்லாம் அதைச் சொல்லிவிட்டுத்தான் போவான். மாமனைப் பார்க்க பெல்பாஸ்ட் போன அன்றும் சிரித்துக்கொண்டு சொன்னான்.

அங்கே சண்டை நடந்த காலம். பத்திரிகை வாங்கக் கடைக்குப் போனவன் குண்டு வெடித்துச் செத்துப்போனான்.

தாய்க்கு அவன் ஒரே பிள்ளை. இருதய வருத்தக்காரி, விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடக்கம் அங்கே காலை பத்து மணிக்கு. நமக்கு அது மாலை ஏழு. அந்த நேரம் இங்கே சேர்ச்சில் அவனுக்குப் பூசை வைத்திருந்தார்கள்.

ஐந்து ஐம்பதுக்கு ஈமனின் தாய் மிஸிஸ் டெவ்லின் பூசைக்குப் போகக் கறுப்புக் கோட்டோடு தன் வீட்டு வாசலில் நின்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன்.

"கேதீஸ், நீ ரெலிபோனுக்குப் பக்கத்தில இரு. குழிக்குள்ள இறக்கினவுடன அண்ணை கோல் எடுப்பார். அவன் மண்ணுக்குள்ள போயிட்டான் எண்டு தெரியாமல் என்னால படுக்கேலாது."

"ஓம் அன்ரி. நான் இருக்கிறன்."

வீட்டில் நான் மட்டும். கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சுவர் மணிக்கூட்டை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் ஊர் வழக்கமாம். ரெலிபோனுக்குப் பக்கத்தில் ஈமனின் படம், முன்னால் ஒரு மெழுகுதிரி. வெளியே இருட்டிவிட்டது.

ஆறு நாற்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இருபது நிமிடம் கிடக்கிறது, வாசலில் நின்று ஒரு சிகரெட் பிடிப்போம் என்று எழும்பினேன். எழும்பும்போது படத்தைப் பார்த்து வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"போட்டு வாறன், ஈமன்."

உடனே நாக்கைக் கடித்தேன். செத்தவீட்டில் அதைச் சொல்லலாமா? சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போக வேண்டும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

டிங்...

ஒரே ஒரு தடவை.

தெருவில் ட்ராம் போகிறது என்று மனதைத் தேற்றினேன். அந்தத் தெருவில் தண்டவாளமே இல்லை.

கதவை இழுத்தேன். பூட்டு. மிஸிஸ் டெவ்லின் வீட்டில் ஆள் இருப்பதை மறந்து, பழக்கத்தில் வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டின் பின்னால் குசினிப் பக்கம் ஓடினேன். அந்தக் கதவும் பூட்டு. யன்னல்கள் பெயின்ற் அடித்து இறுகிக் கிடந்தன. நகம் பிய்ந்ததுதான் மிச்சம்.

டிங்...

இப்போது எனக்குப் பின்னால்.

ஈமனின் அறையிலிருந்து காலடிச் சத்தம். கண்டக்டர் தோளில் மாட்டும் தோல்பையின் வார் உராயும் சத்தம். முன்கதவு வரை வந்தது. நின்றது. திரும்பிப் போனது. மறுபடியும் வந்தது...

ஒருவரையும் காணவில்லை.

சுவரோடு ஒட்டி நின்றேன்.

மூன்றாம் தடவை அது கதவடியில் நின்றபோதுதான் விளங்கியது. அவன் என்னை அடைத்து வைக்கவில்லை. அவனும் அடைபட்டுக் கிடந்தான். வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவன்... வந்துவிட்டான்.

அந்தச் சொல்லைப் பழக்கியவன் நான்.

"ஈமன்... நீ வர வேண்டாம். போ."

பெற்ற தாயின் வீட்டில் நின்று பிள்ளையைப் போ என்றேன். அழுதேன்.

பிறகு...

டிங். டிங்.

ஆறு ஐம்பத்திரண்டு.

ஏழு இருபத்தைந்துக்கு ரெலிபோன் அடித்தது. மாமன். "கொஞ்சம் பிந்திப்போச்சு. இறக்கியாச்சு," என்றார். மிஸிஸ் டெவ்லின் வந்து கதவைத் திறந்ததும் அதை மட்டும் சொன்னேன். அன்றிரவு அவர் படுத்தாராம். நான் சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து மாமனின் கடிதம் வந்தது. மிஸிஸ் டெவ்லின் எனக்கு வாசித்துக் காட்டினார். சவவண்டி இடுகாட்டுக்குப் போகும் வழியில், அவர்கள் நேரப்படி சரியாக ஒன்பது நாற்பதுக்கு, நடுத்தெருவில் நின்றுவிட்டதாம். இராணுவத் தடை தாண்டிய பிறகுதான் நின்றதாம். எட்டுப் பேர் தள்ளியும் அசையவில்லை. பன்னிரண்டு நிமிடம். பிறகு தானாக ஸ்டார்ட் ஆனதாம். அந்தச் சாரதி இப்போது வேலையை விட்டுவிட்டானாம். பின்னால் பெட்டி மட்டும் இருந்த இடத்தில் யாரோ இரண்டு தரம் மணி அடித்தார்கள் என்கிறானாம்.

அவர் கடிதத்தை மடித்தார்.

"ரெண்டு மணி எண்டால் போகலாம் எண்டுதானே, கேதீஸ்?"

"ஓம் அன்ரி."

"ஆர் அவனைப் போகச் சொன்னது?"

அந்த மனுசி கண்ணை மூடி இருபது வருடம் ஆகிறது. கடைசிவரை நான் சொல்லவில்லை.