வெர்லின் டாக்கெட் தன்னைத் தானே வேலையைவிட்டுத் தூக்கிய காலை

வெர்லின் டாக்கெட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தேழு வருடத்தை அடுத்தவர் காலைப் பார்த்தே ஓட்டியிருக்கிறார். பார்த்தார் என்றுதான் சொல்கிறேன். பிடித்திருந்தால் இந்நேரம் தலைமைக் கோச் ஆகியிருப்பார். எங்கள் டொலிடோ ஸ்டீமர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் அவர் லைன்பேக்கர்களின் கோச்.

லைன்பேக்கர் வேலை கொஞ்சம் வில்லங்கமானது. முன்வரிசையில் மலைமலையாக ஆட்கள் முட்டிக்கொள்ள, லைன்பேக்கர் பின்னால் நின்று, எதிரணி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறதா, வீசப்போகிறதா என்று ஒரே நொடியில் கண்டுபிடிக்க வேண்டும். ஓடுவதுபோல் பாவ்லா காட்டுவார்கள். நம்பி முன்னால் பாய்ந்தால் பந்து தலைக்கு மேலே போய்விடும். மறுநாள் ஊரே திட்டும்.

"பந்தப் பாக்காதீங்கடா, அது பொய் சொல்லும்" என்பார் வெர்லின். "முன்னாடி குனிஞ்சு நிக்கிறான் பாரு தடியன், அவன் காலப் பாரு. நூத்தம்பது கிலோ ஆளு கால்ல பொய் சொல்ல முடியாது. ஒரு மூச்சு பொறு. அப்புறம் பாய்."

கெண்டக்கி சுரங்க ஊரில் பிறந்து, கல்லூரியில் இதே இடத்தில் ஆடி, முட்டி போனதும் கோச் ஆனவர். பள்ளிக்கூடத்தில் பந்தாட்டமும் மீதி நேரத்தில் கார் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார். பிறகு கல்லூரிகள், பிறகு சம்பளக்கார அணிகள். மொத்தம் பதினோரு ஊர். ஒன்பது முறை வேலை போனது. அதில் ஒரே ஒரு முறைதான் அவர்மேல் தப்பு. மற்றபடி இந்தத் தொழிலில் தலைமைக் கோச்சைத் தூக்கினால் அவர் வாலில் தொங்குகிற பதினைந்து பேரும் சேர்ந்தே விழ வேண்டும். சீசன் முடிந்த மறுநாள்தான் முகூர்த்தம். கறுப்புத் திங்கள் என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

அதனால் அவர் மனைவி ராண்டா எந்த ஊரிலும் எல்லாப் பெட்டியையும் பிரிப்பதில்லை. 'சமையல் 4' என்று எழுதிய பெட்டி நாலு ஊராக கார் கொட்டகையிலிருந்து கார் கொட்டகைக்கே போய்க்கொண்டிருந்தது.

மகள் கொரீனுக்கு இது மூன்றாவது உயர்நிலைப் பள்ளி. பள்ளி பேண்டில் டிராம்போன் வாசிக்கிறாள். இந்த வருடம்தான் முதல் நாற்காலி, அதாவது அந்த வரிசையின் முதல் வாசிப்பாளர் இடம், கிடைத்தது. பள்ளி முடிய இன்னும் ஒன்றரை வருடம். "இங்கயே படிச்சு முடிப்ப. இது சத்தியம்" என்று வெர்லின் கையடித்துக் கொடுத்திருந்தார். கோச் செய்கிற சத்தியம் அணி முதலாளி கையில் இருக்கிறது என்பது கையடிக்கும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அந்த சீசனில் ஆறு வெற்றி, பதினொரு தோல்வி. கடைசி ஞாயிறும் தோற்றோம். தலைமைக் கோச் கில் பிராண்ட்வோல்டின் கதை முடிந்தது என்று முடிதிருத்தும் கடையில்கூட முடிவாகிவிட்டது.

திங்கள் காலை ஆறேகால். வெர்லின் பயிற்சிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, கதவில் தன் நுழைவு அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு. காற்சட்டையில் தேய்த்துவிட்டுக் காட்டினார். சிவப்பு. காவலாளி காபி வாங்கப் போயிருந்தார். வெர்லின் மூன்றாவது முறை காட்டவில்லை. முந்தின இரண்டு அணிகளிலும் வேலை போன சேதியை முதலில் சொன்னது வாசல் கதவுதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஃபிரெஸ்னோ அணியின் தலைமைக் கோச், பழைய சிநேகிதர் டப் ஹென்ஸ்லியைக் கூப்பிட்டார்.

"இடம் இருக்கா டப்?"

"உனக்கு இல்லாத இடமாடா? நாளைக்கே வா."

"வர்றேன்." போனை அணைத்துப் போட்டார்.

வீட்டில் சேதியைச் சொன்னார். கொரீன் டிராம்போனைப் பெட்டிக்குள் வைத்து இரண்டு கொக்கியையும் மாட்டினாள். டக், டக். ராண்டா பழக்கதோஷத்தில் ஒட்டுநாடாவைத் தேடிப் போனாள்.

ஒன்பதரைக்கு ராண்டாவின் போன் அடித்தது. கில்.

"எங்க உன் புருஷன்? எட்டு மணி மீட்டிங்ல அவன் நாற்காலி மட்டும் காலி! முதலாளியம்மா எல்லாருக்கும் இன்னொரு வருஷம் குடுத்துட்டாங்க. இவன் என்னடான்னா ஃபிரெஸ்னோவாம், செய்தியே வந்துடுச்சு! முதுகுல குத்திட்டுப் போறான்!"

"அவருக்கு அட்டை வேல செய்யலயே கில்?"

"யாருக்குத்தான் வேல செஞ்சுது? பழசு எல்லாம் நேத்தோட முடிஞ்சுது. புது அட்டைய புதன்கிழமையே அவன் அறைத் தபால் பெட்டியில போட்டாச்சு!"

அந்தப் பெட்டியை வெர்லின் திறந்ததே இல்லை. எதிரணி வீடியோவைத் தவிர அவர் எதையும் பார்ப்பதில்லை.

ராண்டா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வெர்லின் 'சமையல் 4'க்கு மேல் இன்னொரு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தார்.

"கில், இவர யாரும் தூக்கல. இவரே தன்னைத் தூக்கிக்கிட்டார். சிவப்பு விளக்கப் பாத்ததும் பாய்ஞ்சிருக்கார். ஒரு மூச்சு பொறுக்கல."

எதிர்முனையில் கில் சிரித்த சிரிப்பு அடுப்பங்கரை வரை கேட்டது. "இருபத்தேழு வருஷமா பசங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தான்? சரி, அனுப்பு. ஃபிரெஸ்னோக்காரன்கிட்ட அவனே பேசி முடிக்கட்டும்."

டப்பிடம் வெர்லின் இருபது நிமிடம் வசவு வாங்கினார். பிறகு மகளின் அறை வாசலில் போய் நின்றார்.

"எங்கயும் போகல கொரீன்."

"முதல்ல அந்த நாலாம் நம்பர் பெட்டியப் பிரிங்கப்பா. அப்புறம் நம்புறேன்."

பிரித்தார். மூன்று ஊராகத் தேடிய வாஃபிள் சுடும் கருவி உள்ளே இருந்தது. சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனதில் அன்று மீட்டிங்குக்கு இரண்டாம் முறையும் தாமதம்.

செத்துப்போன அட்டையை லைன்பேக்கர்கள் தங்கள் அறைச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். கீழே எழுதியிருந்தது: "காலப் பாரு கோச்."

அடுத்த ஜனவரி, கறுப்புத் திங்கள். அட்டை பச்சை காட்டியது. உள்ளே போனால், கில்லோடு சேர்த்துப் பதினாறு பேருக்கும் வேலை போயிருந்தது. வீட்டில் ராண்டா ஒட்டுநாடாவைத் தேடவில்லை. வெர்லின் மட்டும் ஒரே ஒரு பெட்டியோடு ஃபிரெஸ்னோவுக்கு, டப்பிடம் போனார்; தாயும் மகளும் டொலிடோவிலேயே இருந்தார்கள். ஜூனில் மகளின் பள்ளிப் பட்டமளிப்புக்கு விமானம் ஏறி வந்து, டிராம்போன் வரிசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கொரீன் வாசித்தபோது அவர் கண் மேடைத் தரையை ஒட்டியே இருந்தது.

"என்னய்யா பாக்குற?" என்றாள் ராண்டா.

"அவ கால் நடுங்கல" என்றார்.